கார் பாட்டு செட்: முதல் செலவு முன்கதவுக்கு

பார்சல் ட்ரேயில் இரண்டு ஓவல் ஸ்பீக்கர், டிக்கியில் ஒரு 12 இஞ்ச் சப்வூஃபர், முன்கதவில் கம்பெனி கொடுத்ததே போதும். காருக்கு ‘செட் போடுவது’ என்றால் நம் ஊரில் வெகுகாலமாக இதுதான் வழக்கம். தெருவில் நிற்பவருக்கு வண்டி அதிர்வது தெரியும். உள்ளே இருப்பவருக்கோ பாடகர் பிடரிக்குப் பின்னாலிருந்து பாடுகிறார். மிருதங்கத்தின் தொப்பி டிக்கியில் முழங்குகிறது, வலந்தலை எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. ‘சத்தம் இருக்கு சார், பாட்டுதான் நல்லா இல்ல’ என்று யோசனை கேட்டு வருபவர்களின் வண்டியில் பெரும்பாலும் இந்த அமைப்புதான் இருக்கும்.

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, நெடுஞ்சாலையில் இரண்டு மூன்று மணி நேரம் பாட்டுக் கேட்டபடி ஓட்டிப்போக விரும்புகிறவருக்காக இதை எழுதுகிறேன். சத்தப் போட்டிக்குப் போகிறவரின் கணக்கே வேறு. உதாரணத்துக்கு ஸ்விஃப்ட் அளவுள்ள ஒரு ஹேட்ச்பேக்கை வைத்துக்கொள்வோம். செடானுக்கும் எஸ்யூவிக்கும் அளவுகள் மாறும், செலவு செய்யும் வரிசை மாறாது. முதலில் முன்கதவு, அடுத்து ஆம்ப்ளிஃபயரும் ட்யூனிங்கும், அதற்குப் பிறகு சப்வூஃபர். பின்கதவு ஸ்பீக்கர் கடைசி. காசு மிஞ்சவில்லை என்றால் அதைத் தொடவே வேண்டாம்.

உட்காரும் இடத்திலேயே சிக்கல்

வீட்டில் ஸ்டீரியோ கேட்கும்போது இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் உட்காருகிறோம். காரில் அதற்கு வழியில்லை. நம் வண்டிகளில் ஓட்டுநர் வலப்பக்கம். வலக்கதவு ஸ்பீக்கர் அவருடைய காதிலிருந்து ஏறக்குறைய 80 செ.மீ. தூரத்தில் இருக்கிறது, இடக்கதவு ஸ்பீக்கர் 140 செ.மீ. தூரத்தில். ஒலி ஒரு மில்லிசெகண்டில் 34 செ.மீ. போகும். ஆக, வலப்பக்கத்து ஒலி 1.8 மில்லிசெகண்ட் முந்திக்கொண்டு வந்துவிடுகிறது. இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் பக்கவாட்டிலிருந்து வரும் ஓர் ஒலி நம் இரண்டு காதுகளையும் எட்டும் நேர வித்தியாசமே அதிகபட்சம் 0.7 மில்லிசெகண்ட் அளவுதான். அந்தத் துளி வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை திசையைக் கண்டுபிடிக்கிறது. ஒரே ஒலி இரண்டு இடங்களிலிருந்து வந்தால், முதலில் வந்தது எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்தையே மூளை நம்பும். ஹெல்முட் ஹாஸ் 1949-இல் செய்த ஆய்வுக்குப் பிறகு இதை ஹாஸ் விளைவு என்றே சொல்கிறார்கள். டாஷ்போர்டுக்கு நடுவில் நிற்க வேண்டிய பாடகர் உங்கள் வலது முழங்காலுக்குப் பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்வது இதனால்தான். எவ்வளவு விலை உயர்ந்த ஸ்பீக்கர் மாட்டினாலும் இது தீராது.

கார் நமக்குச் செய்யும் ஓர் உபகாரமும் உண்டு. 20 ஹெர்ட்ஸ் ஒலியலையின் நீளம் 17 மீட்டர். 60 ஹெர்ட்ஸுக்கு ஆறு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. காரின் உட்புறமோ அதைவிடச் சிறியது. அலை விரிய இடமில்லாததால் ஸ்பீக்கர் தள்ளும் காற்று நேரடியாகக் கேபினின் அழுத்தமாக மாறுகிறது. ஒரு எல்லைக்குக் கீழே அலைவரிசை பாதியாகும்போதெல்லாம் பேஸ் தானாகவே ஏறும். ஏட்டில் இது 12 டெசிபல். கூரையும் கண்ணாடியும் அதிர்ந்து விட்டுக்கொடுப்பதால் நடைமுறையில் அதைவிடக் குறைவு. ஆனாலும் வீட்டு ஹாலை நிரப்பத் திணறும் ஒரு சின்ன சப்வூஃபர் காரில் தாராளமாகப் போதும். டிக்கி முழுக்கப் பெட்டி வைக்க வேண்டியதில்லை.

கதவுதான் பெட்டி

ஊஃபரின் கூம்பு முன்பக்கம் காற்றைத் தள்ளும் அதே கணத்தில் பின்பக்கம் இழுக்கிறது. இரண்டும் நேர்எதிர். சந்தித்துக்கொண்டால் ஒன்றை ஒன்று அழித்துவிடும், அதிலும் பேஸில் இழப்பு அதிகம். வீட்டு ஸ்பீக்கரில் இரண்டையும் பிரித்து வைப்பது மரப்பெட்டி. காரில் அந்த வேலையைக் கதவின் உள்தகரம் செய்ய வேண்டும். டோர் பேடைக் கழற்றிப் பாருங்கள். உள்தகரத்தில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டைகள், அவற்றின் மேல் கறுப்புப் பசையால் ஒட்டிய ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள், அவ்வளவுதான். கூம்பின் பின்பக்கத்து ஒலி இந்த ஓட்டைகள் வழியாகத் தாராளமாக உள்ளே வருகிறது. வெளித்தகரமோ விரலால் தட்டினால் டின் மாதிரி சத்தம் போடும். பேஸ் வரும்போதெல்லாம் அதுவும் தன் சுருதியில் ஒன்றைச் சேர்த்துப் பாடும்.

ஆகவே ஸ்பீக்கர் வாங்குவதற்கு முன்பே கதவு வேலைக்குக் காசு ஒதுக்குங்கள். வெளித்தகரத்துக்கு, மேலே அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் டேம்பிங் ஷீட். தகரம் முழுவதும் இழைக்க வேண்டும் என்று சில கடைகளில் சொல்வார்கள். ஷீட் எத்தனை விற்கிறதோ அத்தனை லாபம். நடுப்பகுதியைப் பிடித்து கால்வாசிப் பரப்பில் ஒட்டினாலே அதிர்வு பெருமளவு அடங்கிவிடும். முக்கியம் எப்படி ஒட்டுகிறார்கள் என்பது: ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் போட்டுத் துடைத்து, ரோலரால் அழுத்தி, ஷீட்டின் மேலுள்ள புடைப்புகள் தட்டையாகும்வரை தேய்க்க வேண்டும். கையால் அப்பிவிட்டால் ஒரு கோடையில் உரிந்து, கண்ணாடி இறங்கும் பாதையில் விழும். மலிவான தார் ஷீட்டைத் தொடவே வேண்டாம். சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டியின் கதவில் அது இளகி வழியும், வாடை மாதக்கணக்கில் போகாது.

உள்தகரத்தில் நோக்கம் வேறு. இங்கே ஓட்டைகளை அடைக்க வேண்டும். பெரிய ஓட்டைகளுக்கு மெல்லிய அலுமினியத் தகடோ ஏபிஎஸ் தகடோ வைத்து, அதன் மேல் டேம்பிங் ஷீட். வெறும் ஷீட்டை ஓட்டைமேல் ஒட்டினால் பலூன் தோல் மாதிரி உப்பி உப்பி அடங்கும், பயனில்லை. பவர் விண்டோ மோட்டாரைப் பிறகு கழற்ற வேண்டி வரும் என்பதால் தகடு ஸ்க்ரூவில் நிற்பது நல்லது.

இந்த வேலையில் ஒரு எச்சரிக்கை. கண்ணாடியின் ஓரம் வழியாக மழைநீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு; அடியிலுள்ள வடிகால் ஓட்டைகள் வழியாக அது வெளியேறும். அந்த ஓட்டைகளை ஷீட்டால் மூடிவிட்டால் கதவில் தண்ணீர் தேங்கித் துருப்பிடிக்கும். அதேபோல, பிளாஸ்டிக் தாளைக் கிழித்தெறிந்துவிட்டு அந்த இடத்தை ஒழுங்காக மூடாமல் விட்டால் ஐப்பசி மழையில் காலடிக் கார்பெட் நனையும். ஸ்பீக்கரின் கூம்பும் இதே காரணத்துக்காக பாலிப்ரொப்பிலீன் போன்ற நீர் தாங்கும் பொருளாக இருப்பது நம் பருவமழைக்கு ஏற்றது. கூம்பைச் சுற்றிய வளையம் ரப்பராக இருக்கட்டும். ஃபோம் வளையம் நம் வெயிலிலும் ஈரத்திலும் சில ஆண்டுகளில் பொடிந்து உதிரும்.

ஸ்பீக்கரைத் தாங்கும் ரிங் பற்றியும் ஒரு வார்த்தை. கடைகளில் எம்டிஎஃப் ரிங் தாராளமாகக் கிடைக்கும். ஈரம் பட்டால் பிஸ்கட் மாதிரி ஊதிவிடும். மரைன் பிளைவுட், கெட்டி பிளாஸ்டிக் அல்லது அலுமினிய ரிங் கேளுங்கள். ரிங்குக்கும் தகரத்துக்கும் இடையிலும், ஸ்பீக்கரின் முகத்துக்கும் டோர் பேடுக்கும் இடையிலும் ஃபோம் டேப் சுற்றச் சொல்லுங்கள். இரண்டாவதைப் பலர் விட்டுவிடுவார்கள். ஒலி கேபினுக்குள் வராமல் டோர் பேடின் பின்னால் சுற்றிக்கொண்டிருக்கும். மாட்டுவதற்கு முன் கண்ணாடியை முழுவதும் கீழே இறக்கி, காந்தம் இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இவ்வளவும் செய்தபின் கம்பெனி கொடுத்த ஸ்பீக்கரையே திரும்ப மாட்டிக் கேட்டுப் பாருங்கள். வேறு வண்டி மாதிரி இருக்கும். கேட்டபின் எவ்வளவு செலவு செய்வது என்ற முடிவு பலருக்கும் மாறிவிடும்.

எந்த ஸ்பீக்கர்

முன்கதவுக்கு 6.5 இஞ்ச் காம்பொனன்ட் செட். ஊஃபர் கதவின் கீழே, ட்வீட்டர் மேலே, இரண்டுக்கும் ஒலியைப் பங்கிட்டுக் கொடுக்கும் கிராஸ்ஓவர் தனியே. ஊஃபரின் நடுவிலேயே ட்வீட்டர் இருக்கும் கோஆக்ஸியல் வகை மலிவு. ஆனால் உயர் சுருதிகள் கணுக்காலை நோக்கிப் பாடும், குரல் காலடியிலிருந்து வரும். ட்வீட்டரை மேலே ஏற்றியதும் மேடையும் டாஷ்போர்டு உயரத்துக்கு ஏறிவிடும்.

ட்வீட்டர் வைக்க நல்ல இடம் பக்கக் கண்ணாடிக்குப் பின்னாலிருக்கும் முக்கோணப் பிளாஸ்டிக். ஊஃபருக்கும் பக்கம், டிரில் போடுவதும் எளிது. முன்தூணில் வைத்தால் அகலமான மேடை கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் கர்ட்டன் ஏர்பேக் உள்ள வண்டியில் முன்தூணைத் தொடக் கூடாது. ஏர்பேக் அந்தத் தூணின் மூடியைத் தள்ளிக்கொண்டு விரியும்போது அங்கே திருகிய ட்வீட்டர் முகத்தை நோக்கிப் பறக்கும். கடைக்காரர் ‘ஒண்ணும் ஆகாது’ என்றால், கடையை மாற்றுங்கள்.

பெட்டியில் அச்சிட்ட வாட்ஸைப் பார்த்து ஸ்பீக்கர் வாங்குவது வீண். ‘மேக்ஸ் 350 வாட்ஸ்’ என்ற எண்ணுக்கு அர்த்தமில்லை. தொடர்ந்து தாங்கும் வாட்ஸைச் சொல்லும் ஆர்எம்எஸ் எண் மட்டும்தான் கணக்கு. அதைவிட முக்கியமானது சென்ஸிட்டிவிட்டி. ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 90 டெசிபல் தரும் ஸ்பீக்கரின் இடத்தில் 87 டெசிபல் ஸ்பீக்கரை மாட்டினால் அதே சத்தத்துக்கு இரண்டு மடங்கு பவர் வேண்டும். ஒரு தந்திரமும் உண்டு: சில கம்பெனிகள் ஒரு வாட்டுக்குப் பதிலாக 2.83 வோல்ட் கொடுத்து அளந்திருப்பார்கள். 4 ஓம் ஸ்பீக்கரில் அது 2 வாட். எண்ணில் 3 டெசிபல் கூடுதலாகத் தெரியும், ஸ்பீக்கர் அதேதான். இரண்டு கம்பெனிகளின் எண்களை ஒப்பிடும்போது சின்ன எழுத்தைப் படியுங்கள்.

ட்வீட்டரில் பட்டுத் துணிக் குவிமாடம் மென்மையாகவும், உலோகக் குவிமாடம் பளிச்சென்றும் இருக்கும் என்பது பொது வழக்கு. முழு உண்மை இல்லை. என்றாலும் முன்கண்ணாடி இவ்வளவு பக்கத்தில் ஒலியைத் திருப்பியடிக்கும் ஒரு வண்டியில், நாகஸ்வரமும் வயலினும் அதிகம் கேட்பவருக்கு நான் துணிக் குவிமாடத்தைத்தான் சொல்வேன்.

ஆம்ப்ளிஃபயர்

ஹெட் யூனிட்டின் முகத்தில் ‘50 வாட்ஸ் x 4’ என்று எழுதியிருக்கும். காரின் மின்சாரம் 14.4 வோல்ட்; உள்ளேயுள்ள சின்ன ஐசி அதை வைத்துக்கொண்டு 4 ஓம் ஸ்பீக்கரில் சுத்தமாகத் தரக்கூடியது 20 வாட்ஸை ஒட்டித்தான். பேச்சுக்கும் பழைய பாட்டுக்கும் போதும். ஆனால் சாதாரணமாகக் கேட்கும்போது ஒரு வாட் செலவாகிற பாட்டில் தவில் உருமும்போது அந்தக் கணத்துக்கு 10 டெசிபல் கூடினாலும் 10 வாட் வேண்டும். 20 டெசிபல் என்றால் 100 வாட். பவர் தீர்ந்த இடத்தில் அலையின் தலை வெட்டுப்படும். கரகரப்பு என்று நாம் உணர்வது அதைத்தான். ட்வீட்டர் எரிவதும் பெரும்பாலும் இந்த வெட்டுப்பட்ட அலையால்தான். 30 வாட் ஆம்பை முறுக்கி ஓட்டுவதைவிட 75 வாட் ஆம்பை நிதானமாக ஓட்டுவது ஸ்பீக்கருக்கு நல்லது.

நம் ஹேட்ச்பேக்குக்கு ஒரு நாலு சேனல் ஆம்ப் போதும். ஒவ்வொரு சேனலுக்கும் 4 ஓமில் 75 வாட் ஆர்எம்எஸ். இரண்டு சேனல் முன்கதவுக்கு. மற்ற இரண்டையும் பிரிட்ஜ் செய்து, அதாவது ஒரே சேனலாக இணைத்து, சப்வூஃபருக்கு. பிரிட்ஜ் செய்யும்போது பெரும்பாலான ஆம்ப் 4 ஓமுக்குக் கீழே தாங்காது. ஆகவே சப்வூஃபர் 4 ஓமாக இருக்கட்டும். பெட்டியில் ‘சிஇஏ-2006’ என்ற குறி இருந்தால் வாட்ஸ் எண்ணை நம்பலாம், 14.4 வோல்ட்டில், 4 ஓமில், ஒரு சதவீதத்துக்கு மேல் சிதையாமல் அளந்தது என்று பொருள்.

புதிய வண்டிகளில் தொடுதிரையைக் கழற்ற முடியாது, கழற்றவும் வேண்டாம். பின்புறக் கேமரா, ஸ்டீரிங் பட்டன் எல்லாம் அதோடுதான் பிணைந்திருக்கும். அப்படிப்பட்ட வண்டிக்கு ஸ்பீக்கர் வயரிலிருந்தே சிக்னல் எடுக்கும் ஹை லெவல் இன்புட்டும், ஒலியை டிஜிட்டலாகத் திருத்தும் டிஎஸ்பியும் உள்ள ஆம்ப் வாங்குங்கள். வயரை வெட்டாமல், வண்டிக்கேற்ற கப்ளர் போட்டு இணைக்கச் சொல்லுங்கள். வாரன்டி தகராறு வந்தால் கழற்றிவிடலாம். கம்பெனித் திரைகள் சில, சத்தத்தைக் கூட்டக் கூட்டத் தாமாகவே பேஸைக் குறைக்கும். சின்ன ஸ்பீக்கரைக் காப்பாற்ற அப்படி அமைத்திருப்பார்கள். டிஎஸ்பியில் அதையும் ஓரளவு ஈடுசெய்யலாம்.

வயரிங்கில் கஞ்சத்தனம் கூடாத இடங்கள் சில. பேட்டரியிலிருந்து டிக்கிக்குப் போகும் பவர் வயர் 4 கேஜ், முழுச் செம்பு. சந்தையில் பாதிக்குமேல் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. அதன் மின்தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. கத்தியால் ஓர் இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிந்துவிடும். பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் ஃப்யூஸ் கட்டாயம். ஃப்யூஸ் இருப்பது ஆம்பைக் காக்க இல்லை, நீளமாகப் போகும் வயர் எங்காவது உரசித் தகரத்தைத் தொட்டால் வண்டி தீப்பிடிக்காமல் இருக்க. எர்த் வயர் குட்டையாக, பெயின்ட்டைச் சுரண்டிய வெறும் தகரத்தில் முறுக்கியிருக்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ‘ஙொய்ய்’ என்று ஸ்பீக்கரில் ஏறி இறங்கும் சத்தம் வந்தால் பத்தில் எட்டு முறை இந்த எர்த்தில்தான் கோளாறு. சிக்னல் வயரைப் பவர் வயர் போகும் பக்கத்தில் இழுக்காமல் வண்டியின் மறுபக்கமாக இழுக்கட்டும். கெபாசிட்டர், தங்க முலாம் பூசிய வகையறாவெல்லாம் இந்த அளவு செட்டுக்குத் தேவையில்லை.

சப்வூஃபர்

10 இஞ்ச் ஒன்று, காற்றுப் புகாமல் மூடிய பெட்டியில். பெட்டியின் உள்கொள்ளளவு 20 முதல் 25 லிட்டர். சரியான எண்ணை சப்வூஃபரின் கையேட்டிலிருந்து எடுங்கள். 2018-இல் வந்த ஸ்விஃப்டின் டிக்கி 268 லிட்டர். பலகையின் கனத்தையும் சேர்த்தால்கூட ஊருக்குப் போகும் பைகளுக்கு இடம் இருக்கும். மூடிய பெட்டியில் ஓர் எல்லைக்குக் கீழே பேஸ், அலைவரிசை பாதியாகும்போதெல்லாம் 12 டெசிபல் இறங்கும். கார் கேபின் ஏறக்குறைய அதே கணக்கில் ஏற்றும். இறக்கமும் ஏற்றமும் ஒன்றையொன்று ஈடுகட்டுவது நமக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். குழாய் வைத்த போர்ட்டட் பெட்டி சத்தம் அதிகம் தரும். ஆனால் இடம் அதிகம் பிடிக்கும், அளவு பிசகினால் ஒரே சுருதியில் ‘தொம் தொம்’ என்று அடித்துக்கொண்டிருக்கும். கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும் போர்ட்டட் பெட்டிகள் எந்த சப்வூஃபருக்கும் அளந்து செய்தவை அல்ல. டிக்கியே வேண்டாம் என்பவருக்கு சீட்டுக்கு அடியில் வைக்கும் 8 இஞ்ச் ஆக்டிவ் சப்வூஃபர் உண்டு. 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். கர்னாடக இசையும் மெல்லிசையும் கேட்பவருக்கு அது குறையாகவே தெரியாது.

பின்னாலிருந்து வரும் பேஸ் முன்னாலிருந்து வருவதுபோலத் தோன்ற வேண்டும். 80 ஹெர்ட்ஸும் அதற்குக் கீழும் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காரில் காது பிடிக்காது. ஆகவே சப்வூஃபரை 80-க்கு மேல் பாடவிடாமல் லோ பாஸ் ஃபில்டர், கதவை 80-க்குக் கீழே பாடவிடாமல் ஹை பாஸ் ஃபில்டர். இரண்டும் 24 டெசிபல் சரிவில். இப்படிச் செய்தும் பேஸ் டிக்கியில் கேட்கிறதென்றால் சப்வூஃபரைக் குறை சொல்லாதீர்கள். நம்பர் பிளேட், ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் கிடக்கும் ஜாக்கி, டிக்கிக் கதவின் பூட்டு ஆகியவை கடகடப்பதுதான் காட்டிக்கொடுக்கிறது. நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் ஒட்டும் பத்து ரூபாய் ஃபோம் துண்டு பல சமயம் ஆயிரக்கணக்கான ரூபாய் ஸ்பீக்கர் செய்யாததைச் செய்யும்.

ட்யூனிங்

முதலில் கெய்ன். ஆம்பிலுள்ள அந்தத் திருகு வால்யூம் கன்ட்ரோல் இல்லை; ஹெட் யூனிட் அனுப்பும் வோல்ட்டேஜுக்கு ஆம்பைப் பொருத்தும் திருகு. கணக்கு எளிது: வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 75 வாட், 4 ஓம் என்றால் 300-இன் வர்க்கமூலம், அதாவது 17.3 வோல்ட். ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, ஃபில்டரையும் ஈக்வலைசரையும் அணைத்து, ஹெட் யூனிட்டின் சத்தத்தை முக்கால் அளவில் வைத்து, 200 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோனை ஓடவிட்டு, மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து அந்த எண் வரும்வரை திருகுங்கள். வழக்கமாகச் சொல்லும் 1000 ஹெர்ட்ஸ் டோனில் மலிவான மல்டிமீட்டர் தப்பாகக் காட்டலாம். சப்வூஃபர் சேனலுக்கு 50 ஹெர்ட்ஸ் டோன். ‘ஃபுல்லா வெச்சுட்டேன் சார்’ என்று கெய்னைக் கோடிவரை திருகிக்கொடுக்கும் கடைக்காரர் உங்கள் ட்வீட்டருக்கு நாள் குறித்துக் கொடுக்கிறார்.

அடுத்து டைம் அலைன்மென்ட். தொடக்கத்தில் சொன்ன 1.8 மில்லிசெகண்ட் பிரச்சினைக்கு இதுதான் மருந்து. சீட்டை நீங்கள் ஓட்டும் இடத்தில் வைத்து, தலை இருக்கும் இடத்திலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் டேப்பால் அளந்து எண்களைக் கொடுத்தால், பக்கத்து ஸ்பீக்கரை டிஎஸ்பி தாமதப்படுத்தும். வெளியில் வாங்கும் ஹெட் யூனிட்டுகளில் நடுத்தர விலையிலேயே இந்த வசதி வந்துவிடுகிறது, வாங்கும்போது கேளுங்கள். ஓட்டுநருக்கு இப்படிச் சரிசெய்தால் பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு ஒலி இன்னும் மோசமாகும். வீட்டுக்காரரோ வீட்டுக்காரியோ கண்டுபிடிப்பதற்குள், இருவருக்கும் பொதுவாக, தாமதமில்லாத இன்னொரு அமைப்பையும் சேமித்து வைத்துவிடுங்கள்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கப் பழைய பாட்டைப் போல வசதி வேறில்லை. 1960-களின் திரைப்பாடல்கள் மோனோ. இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி. ஆகவே குரல் முழுவதும் உங்களுக்கு முன்னால் ஒரே புள்ளியில் நிற்க வேண்டும். பிறகு வந்த ரீமிக்ஸ் ஸ்டீரியோவைத் தவிர்த்து, பழைய பதிவாகப் போடுங்கள். புள்ளி வலப்பக்கம் இழுத்தால் வலக்கதவின் தாமதத்தை 0.1 மில்லிசெகண்ட் வீதம் கூட்டுங்கள். குரல் புள்ளியாகவே நிற்காமல் இரண்டு பக்கமும் கலைந்து, பேஸும் மெலிந்திருந்தால் ஏதோ ஒரு ஸ்பீக்கரில் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. டோர் பேடை மூடுவதற்கு முன்பே ஊஃபர் வயரில் ஒன்றரை வோல்ட் டார்ச் செல்லை ஒரு கணம் தொட்டுப் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்கும். பிளஸ்ஸில் பிளஸ் பட்டால் கூம்பு வெளியே வரும். ட்வீட்டரில் இதைச் செய்யக் கூடாது.

பேஸைச் சோதிக்க இளையராஜாவின் எண்பதுகளின் பாடல்களில் பேஸ் கிடார் நடந்துபோகும் ஏதாவது ஒன்றை எடுங்கள். பேஸ் கிடாரின் கனத்த தந்தி 41 ஹெர்ட்ஸ். அங்கிருந்து மேலே ஏறும்போது 80-ஐக் கடக்கும் இடத்தில் ஒலி சப்வூஃபரிலிருந்து கதவுக்குக் கைமாறுகிறது. ஒரு சுரம் பெருத்தும் அடுத்தது மெலிந்தும் கேட்டால் சப்வூஃபரின் ஃபேஸ் (phase) சுவிட்சை 0-விலிருந்து 180-க்கு மாற்றிப் பாருங்கள். எது நிறைவாகக் கேட்கிறதோ அதுவே சரி.

ஈக்வலைசரைக் கடைசியில் தொடுங்கள், ஏற்றுவதைவிட இறக்குவதற்கே பயன்படுத்துங்கள். கூர்மையாகக் குத்தும் ஒலி பெரும்பாலும் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். காது மிகவும் நுட்பமாக இருக்கும் பகுதி அது. அங்கே இரண்டு மூன்று டெசிபல் இறக்கிவிட்டு வயலினைக் கேளுங்கள். பேஸ் மட்டும் சமநிலையைவிடத் தூக்கலாக இருக்கட்டும், 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே 6 முதல் 9 டெசிபல் வரை. டயரும் சாலையும் போடும் இரைச்சல் கீழ்ச்சுருதியில்தான் அதிகம். நிறுத்திய வண்டியில் அளவாக இருக்கும் பேஸ் 90 கி.மீ. வேகத்தில் அந்த இரைச்சலில் மூழ்கிவிடும். பொறுமை உள்ளவர்கள் ஒரு யூஎஸ்பி மைக் வாங்கி, இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விஸார்ட் மென்பொருளில் அளந்து பார்க்கலாம்.

கடைக்குப் போகும்போது

சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடோ, உங்கள் ஊரில் கார் சாமான் தெருவோ, கடையில் பலகையில் வரிசையாக மாட்டிய ஸ்பீக்கரைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். அந்தப் பலகைக்கும் உங்கள் கதவுக்கும் சம்பந்தமே இல்லை. அதிக சத்தம் தருவதே நல்லது என்றும் அங்கே தோன்றும். அதற்குப் பதில், அவர்கள் ஏற்கெனவே செய்துகொடுத்த ஒரு வண்டியில் உட்கார்ந்து, நீங்கள் கொண்டுபோன பாட்டைக் கேட்கக் கேளுங்கள். டோர் பேடைக் கழற்றிய படம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். வேலையில் நம்பிக்கை உள்ளவர் போனை எடுத்துக் காட்டுவார். பாட்டு யூஎஸ்பியில் நல்ல தரமான கோப்பாக இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் வந்ததையும் வீடியோவிலிருந்து பிரித்ததையும் வைத்து எந்த செட்டையும் மதிப்பிட முடியாது.

கையில் 40,000 ரூபாய் இருக்கிறதென்றால் நான் இப்படிப் பிரிப்பேன்: கதவு வேலைக்கு 6,000, காம்பொனன்ட் செட்டுக்கு 10,000, ஆம்புக்கு 12,000, வயரிங்குக்கும் கூலிக்கும் 5,000, மீதி சப்வூஃபருக்கும் பெட்டிக்கும். பிராண்டுக்கும் ஊருக்கும் ஏற்ப எண்கள் நகரும். ஸ்பீக்கருக்கு மொத்தத்தில் கால்வாசிக்கு மேல் போக வேண்டாம் என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். 20,000தான் இருக்கிறதென்றால் எல்லாவற்றையும் மலிவாக வாங்காமல் கதவு வேலையையும் காம்பொனன்ட் செட்டையும் முடித்துவிட்டு நிறுத்துங்கள். ஆம்புக்கான பவர் வயரை மட்டும் இப்போதே இழுத்துவிடுங்கள். பேட்டரி முனையில் ஃப்யூஸைப் போடாமல், டிக்கி முனையை டேப் சுற்றி வைத்துவிட்டால் போதும். அடுத்த போனஸுக்கு ஆம்ப் வரும்போது கார்பெட்டை மறுபடி தூக்க வேண்டியதில்லை.

செட் புதிதாக இருக்கும் முதல் மாதம் எல்லோரும் சத்தத்தைக் கூட்டிவைப்பார்கள். 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகிறது. 95-இல் அது ஒன்றேகால் மணி நேரம்தான், வாரத்துக்கு. சென்னையிலிருந்து மதுரைக்குப் போகிற வழியில் விழுப்புரம் தாண்டுவதற்குள் முடிந்துவிடும். கைபேசியில் ஒரு டெசிபல் மீட்டர் செயலியைப் போட்டு, நீங்கள் கேட்கும் அளவு எங்கே நிற்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். முதல் மழைக்காலம் முடிந்ததும் டோர் பேடைக் கழற்றச் சொல்லி, ஷீட்டின் ஓரங்களையும் வடிகால் ஓட்டைகளையும் ரிங்கின் ஸ்க்ரூக்களையும் பார்த்து இறுக்கிவிடுங்கள்.